பகலில் தண்ணீர் குடிக்காதவர்

தேவகி என்னைத் திட்டியிருக்கலாம். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கட்டாயம் திட்டியிருப்பேன். அவளோ "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

நூம்பலில் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் துணி காயப்போடுகிற சாக்கில் ஒரே புடவையை மூன்று தடவை உதறினாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குரலைக் குறைக்கவில்லை.

"தண்ணி குடுக்கிறதுகூடவா கஷ்டம்? நாக்கெல்லாம் வறண்டு கெடக்கு. சிறுநீர்ல கிருமின்னு காய்ச்சல் வந்து, இப்பதான் ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வந்திருக்கீங்க. மறுபடியும் தூக்கிட்டு ஓடணுமா?"

இதற்கு மேலும் இரண்டு வார்த்தை பேசினேன். அதை ஞாபகத்துக்குக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை.

உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் தேவகியின் மாமனார் ஏகாம்பரம். எழுபதைத் தாண்டியவர். பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நான் வாசலில் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். பேச்சுத்தான் போயிற்றே தவிர புத்தி போகவில்லை என்று ஊரெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். அன்று அது எனக்கே தோன்றவில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலை நடுவே மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்து வருவதற்குள் புடவை முழுக்கப் புழுதி. வெயில் வேறு. என் கோபத்துக்கு இதையெல்லாம் காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் மனசாட்சியிடம் அது செல்லுபடியாகவில்லை.

ஏகாம்பரம் அய்யா இப்போது இல்லை. இதை எழுதலாமா என்று தேவகியிடமே போய்க் கேட்டேன். "அன்னிக்கு வேணாம்னு சொன்னேன். இப்ப எழுதுங்க மேடம். பேர மட்டும் மாத்திக்குங்க," என்றாள். மாற்றிவிட்டேன்.

எலி இல்லாத ஆராய்ச்சி

போன வார அத்தியாயத்தைப் படித்த வாசகர் ஒருவர், "பக்கவாத ஆராய்ச்சி என்கிறீர்கள், இத்தனை வாரமாக ஒரு எலிகூட வரவில்லையே" என்று கேட்டிருக்கிறார். சார், எலி இருந்தது எங்கள் கடையில். கரையான்சாவடியில் என் அத்தா, அதாவது அப்பா, சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்றுக்கொண்டிருந்தார். அந்த எலிகளுக்குப் பயந்தே நான் கடைப் பக்கம் போகாமல் படித்துத் தொலைத்தேன்.

படித்தது பிசியோதெரபி. பத்து வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். கை கால் விழுந்து வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, நாலு அடி நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவேன். மூன்று மாதம் கழித்து அவர்களே திரும்பி வருவார்கள், ஸ்ட்ரெச்சரில். இங்கே நடந்தவர் வீட்டில் ஏன் நடக்கவில்லை? யாரும் கேட்கமாட்டோம். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன்.

அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் படிக்கப் போனேன். "இதுக்கு மேல படிச்சு கலெக்டராவப் போறியா?" என்று அம்மா கேட்டார். கலெக்டர் ஆகவில்லை. பக்கவாதம் வந்தவர் வீட்டுக்குப் போன பிறகு அவருக்கு என்ன ஆகிறது, அவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்ன ஆகிறது, அதில் எதை மாற்ற முடியும் என்று பார்ப்பதே என் வேலையாயிற்று.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஒரு சிறு குழுவாக வீடு வீடாகப் போனோம். போகப் போக ஆஸ்பத்திரியில் பார்க்காததெல்லாம் கண்ணில் பட்டது. ஒரு வீட்டில் விழுந்த காலுக்குப் புறா ரத்தம் தடவி வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில், பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, நோயாளியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, இவர் இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

முக்கியமாக ஒன்று தெரிந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று மருந்து எப்படிக் கொடுப்பது, எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்றெல்லாம் டாக்டர் விளக்கிச் சொல்வது, கவுண்டரில் கையெழுத்துப் போடுகிற ஆம்பளையிடம். பார்த்துக்கொள்ளப்போகிற பெண் அந்த நேரம் வார்டில் பையில் துணி அடைத்துக்கொண்டிருப்பாள். இதை மாற்றுவதற்கே எங்களுக்கு மூன்று வருஷம் பிடித்தது. அதைப் பற்றி எழுதி எனக்குக் கொஞ்சம் பெயரும் வந்தது. பெயர் வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்களிடம் பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. கேள்வி, பக்கத்தில் கட்டம், கட்டத்தில் டிக். நாலாம் பக்கத்தில் 'போதிய நீர் அருந்துகிறாரா?' என்று இருக்கும். ஒன்பதாம் பக்கத்தில் 'கழிவறைக்கு உதவுபவர் யார்?' என்று இருக்கும். ஏகாம்பரம் வீட்டில் முதல் கேள்விக்கு 'இல்லை', இரண்டாவதுக்கு 'மகன்'. நானே டிக் செய்தேன். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

மல்லிகா படித்த தாள்

ஒவ்வொரு தடவை போகும்போதும் பார்த்ததைச் சுருக்கமாக ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒரு பிரதி வைத்துவிட்டு வருவோம். தேவகியைத் திட்டிய அன்று நான் எழுதியது இது: 'பகலில் போதிய நீர் கொடுக்கப்படவில்லை. கவனிப்பவரின் அலட்சியம். அறிவுரை கூறப்பட்டது.'

தாளை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரத்தின் மகள் மல்லிகா அப்பாவைப் பார்க்க வந்தவள் அதை எடுத்துப் படித்துவிட்டாள்.

மல்லிகா ஆவடியில் இருக்கிறாள். தேவகியின் கணவன் குமரேசனுக்கு அக்கா. அப்பாவின் மேல் உயிர். திங்கட்கிழமை காலையில் எனக்கே போன் பண்ணினாள்.

"மேடம், நல்ல வேள நீங்க எழுதி வெச்சீங்க. எனக்கு அப்பவே டவுட்டு. எங்க நைனா எருமை வெச்சு இந்த ஏரியாவுக்கே பால் ஊத்துனவரு மேடம். அவர இப்டி தொண்ட காய வெச்சுகீறாளே, இவள்லாம் ஒரு பொம்பளயா? நான் ஆவடிக்கு இட்டுகினு போறேன். அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி வெச்சுகினு வரேன்."

எனக்கு நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தாள். அந்த நன்றி எனக்கு உறைத்தது. தெருவில் யாரையோ காட்டி 'திருடன்' என்று சொல்லிவிட்டு, நாலு பேர் அவனை அடிக்கப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. செவ்வாய்க்கிழமை நூம்பலுக்குப் போனேன்.

தெருமுனையில் இருந்த கடைக்காரப் பெண்ணே என்னைப் பார்த்து, "அந்தத் தண்ணி குடுக்காத ஊட்டுக்கா போறீங்க?" என்று கேட்டாள். இரண்டு நாளில் அந்த வீட்டுக்கு அதுவே அடையாளம் ஆகிவிட்டது.

தேவகி முகத்தில் கோபம் இல்லை. கண் மட்டும் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னாள். டீ கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"மேடம், நீங்க வந்தா அரை மணி நேரம் இருக்கீங்க. ஒரு நாள் காலைல வந்து, எங்க வீட்டுக்காரரு வேலைலேர்ந்து வர்ற வரைக்கும் இருந்து பாருங்களேன்."

என்னையே பரீட்சை வைக்கிறாளே என்று முதலில் சுருக்கென்றது. சரி, இதில் என்ன கெட்டுப்போகப் போகிறது என்று புதன்கிழமை வருகிறேன் என்றேன்.

நாள் முழுக்க ஒரு நாற்காலி

ஏழு மணிக்கு நான் போனபோது குமரேசன் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. "நைனாவுக்குக் காலைல எல்லாம் நானே முடிச்சுட்டேன் மேடம். குளிக்க வைக்கிறது, பாத்ரூம் எல்லாம் நாந்தான். அவளத் தொட வுடமாட்டேன்," என்றான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. நியாயமான பெருமைதான். எத்தனையோ மகன்கள் செய்வதில்லை.

கட்டிலிலிருந்து நாலு அடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். படிவத்தைப் பையை விட்டு எடுக்கவில்லை.

எட்டு மணிக்கு இட்லி. சாம்பார் ஊற்றப் போனாள், இடது கையால் தட்டை நகர்த்தினார். சட்னி தொட்டு நாலு இட்லி சாப்பிட்டார். டீயை நீட்டினாள், முகத்தைத் திருப்பினார். மாத்திரை விழுங்க ஒரே ஒரு மடக்குத் தண்ணீர். பத்து மணிக்கு மோர் கொண்டுவந்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பன்னிரண்டுக்குத் தண்ணீர், வேண்டாம். ஒரு மணிக்கு கெட்டித் தயிர் சாதம், ரசம் வேண்டாம். சாப்பிட்ட பிறகும் தண்ணீர் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அவள் "மாமா, கொஞ்சம் மாமா" என்று கெஞ்சினாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் வரை எட்டுத் தடவை கொண்டுவந்தாள். எட்டும் அப்படியே திரும்பிப் போயிற்று.

அலட்சியம் என்று எழுதிய கை என்னுடையது. நாற்காலியில் உட்கார எனக்குக் கூசியது.

இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். எப்படி? அவருக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுப்பாள், அவர் புரண்டுவிடுவார். புரட்டும்போது அவர் உடம்பில் அவள் கை படாது. முகத்தைத் துடைப்பாள், வாயைத் துடைப்பாள், கையைத் தேய்த்து விடுவாள். இடுப்புக்குக் கீழே லுங்கி விலகியிருந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போடுவாள்.

"கல்யாணமாகி பன்னண்டு வருஷம் மேடம். மாமா எதிர்ல நான் உக்காந்ததே இல்ல. கதவுக்குப் பின்னால நின்னுதான் பேசுவேன். இப்பதான் அவரு மொகத்தையே நேரா பாக்கறேன்," என்று சமையலறையில் என்னிடம் சொன்னாள்.

டயப்பர் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் போட்டார்களாம். மகன் வேலைக்குப் போனதும் இடது கையாலேயே பிய்த்து எறிந்துவிட்டாராம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மண்டையில் ஏறவில்லை.

நாலு மணிக்கு மேல் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காலான இடது காலைக் கட்டிலில் தேய்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை. ஆறரைக்கு பைக் சத்தம் கேட்டதும் அந்தக் கால் நின்றது.

குமரேசன் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தான். "நைனா, தண்ணி?" என்று சொம்பைக் காட்டினான். ஏகாம்பரம் இடது கையால் அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டார். முதல் மடக்கை விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விழுங்கினார். பிறகு மடமடவென்று முழுச் சொம்பும் காலி.

நான் நோன்பு வைக்கிற வீட்டில் பிறந்தவள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் அத்தா முதல் மடக்குத் தண்ணீரை அப்படித்தான் குடிப்பார், விழுங்காமல் ஒரு நொடி வைத்திருந்து. தண்ணீர் பிடிக்காதவர் அப்படிக் குடிக்கமாட்டார். நேரம் எப்போது வரும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தவர்தான் அப்படிக் குடிப்பார்.

நோன்பு வைக்கிறவருக்கு முப்பது நாள். இவர் நாலு மாதமாக இருந்துகொண்டிருக்கிறார். பகலில் குடித்தால் பகலில் சிறுநீர் போக வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது மருமகள் மட்டும். கணக்கு அவ்வளவுதான்.

மூன்று கேள்வி

மறுநாள் தேவகி கடைக்குப் போன நேரம் பார்த்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது கையில் என் விரலைக் கொடுத்தேன்.

"அய்யா, ஆமான்னா விரல அமுக்குங்க. இல்லன்னா சும்மா இருங்க. தண்ணி தாகம் எடுக்குதா?"

அமுக்கினார்.

"தேவகி குடுக்காம இருக்காளா?"

கை சும்மா இருந்தது. இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார்.

"மருமக முன்னாடி போகக் கூடாதுன்னுதான் குடிக்காம இருக்கீங்களா?"

அமுக்கினார். அமுக்கின விரலை விடவில்லை. நாலு மாதத்தில் ஒருத்தரும் அவரிடம் நேராகக் கேட்காத கேள்வி அது. நானும் கேட்டிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

தேவகி கடையிலிருந்து வந்ததும் கொல்லையில் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"தெரியும் மேடம். மொத மாசத்துலயே தெரியும். ஒரு நாள் அவசரமாகி படுக்கையிலயே போயிட்டாரு. நான் தொடைக்கப் போனேன். அப்ப அவரு அழுதாரு பாருங்க... அதுலேர்ந்துதான் தண்ணி வேணாம்னுட்டாரு."

"ஏம்மா சொல்லல? ஊரே உன்ன அப்படிப் பேசுது. நானும் பேசினேன்."

"சொன்னா இன்னா ஆவும்? எங்க ஆவடி அண்ணிக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். எருமை மேய்ச்சுகினு கம்பீரமா நடந்தவரு. அவரு மானம் போறதுக்கு என் பேரு போவட்டும்." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலும் சொன்னாள்: "நீங்களும் இத எழுதக் கூடாது மேடம். யாராண்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வேறென்ன செய்வது?

ஆபீஸுக்குப் போய் என் தாளை எடுத்தேன். எங்கள் வேலையில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, காரணம் எழுத வேண்டும். 'கவனிப்பவரின் அலட்சியம்' என்பதை அடித்தேன். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். காலியாக விட்டதற்கு மேலே இருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மல்லிகாவுக்கு போன் பண்ணி, நான் எழுதியது தப்பு, தேவகி மேல் குற்றமே இல்லை என்றேன்.

"அப்ப நைனா ஏன் குடிக்கல?" என்று கேட்டாள்.

அய்யா உடம்பு தேறிவருகிறது என்று பேச்சை மாற்றினேன்.

"உங்களையும் சரிக்கட்டிட்டாளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

எங்கள் குழுவில் ஜோசப் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். அவரிடம்கூட 'இவருக்கு இடது கையால் யூரின் பாட்டில் பிடிக்கப் பழக்க வேண்டும்' என்று மட்டும்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பாட்டில் பரணில் பிரிக்காமலே கிடந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்று அங்கே மகனுக்குக் காட்டியிருந்தார்கள். நோயாளிக்குக் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் அவரை நடக்க வைப்பதிலேயே குறியாக இருந்தோம்.

அன்று வியாழன் மத்தியானமே தொடங்கி, சனி வரை மூன்று நாளும் ஜோசப் பகலில் வந்தார். அவர் வந்ததும் தேவகி தானாகவே கடைக்குக் கிளம்பிவிடுவாள். கட்டில் ஓரத்தில் சாய்ந்து உட்கார்வது, லுங்கியை ஒதுக்குவது, பாட்டிலைச் சரித்துப் பிடிப்பது, மூடியைப் போட்டு கட்டிலின் சுவர்ப் பக்கம் ஒரு கொக்கியில் மாட்டுவது. வலது கைக்காரர், எழுபது வயதுக்கு மேல் இடது கையால். முதல் நாள் முழுக்கப் படுக்கை நனைந்தது. இரண்டாம் நாள் பாதி. சனிக்கிழமை ஜோசப் போன் பண்ணி, "ஒரு தடவை தானாகவே முடிச்சுட்டாரு. அதுவும் நான் பக்கத்துல இருந்தேன். தனியா முடியுமான்னு இன்னும் சொல்ல முடியாது," என்றார்.

இன்றைக்கு எங்கள் படிவத்தில் முதல் பக்கத்தில் முதல் கேள்வி இதுதான்: கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள், அடுத்து எப்போது போக முடியும், யார் இருந்தால் முடியும்? வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் மட்டும் கேட்கிறோம். அம்பத்தூரில் ஒரு அம்மாள், வீட்டில் புருஷனும் இரண்டு மகன்களும், தன்னைக் கழிவறைக்குக் கூட்டிப்போகப் பக்கத்துத் தெரு தங்கை வருகிற நேரத்துக்காக ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பசியில்லை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கேள்வியை மாற்றாமல் இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை

மல்லிகா பத்து மணிக்கு வந்தாள். வாசலில் கார் நின்றது. தேவகி அவருடைய லுங்கிகளையும் மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்து வைத்திருந்தாள். நான் எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன், ஏதாவது பேசி நிறுத்தலாம் என்று. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

"மல்லிகா, தப்பு என்னுடையது. நான் விசாரிக்காம எழுதிட்டேன்," என்றேன்.

"விசாரிக்காம எழுதிட்டீங்க. செரி. விசாரிச்சு இன்னா தெரிஞ்சுது? அத சொல்லுங்க. இவ குடுக்குறா, நைனா குடிக்கல. ஏன் குடிக்கல? இவ கையால குடிக்கப் புடிக்காமதான?"

தேவகி என்னைப் பார்த்தாள். சத்தியம் செய்தவள் நான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் நீளமானவளுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது.

குமரேசன் மெதுவாக, "அக்கா, அவ அப்படிலாம் இல்ல," என்றான்.

"நீ சும்மா இருடா. காலைல போனா சாயங்காலம் வர. உனக்கு இன்னா தெரியும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மல்லிகா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, டிரைவரை உள்ளே கூப்பிட வாசல் பக்கம் திரும்பினாள்.

கட்டிலில் ஒரு தட்டல் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். எல்லோரும் திரும்பினோம். அவர் சுவர்ப் பக்கம் கையை விட்டுத் துழாவினார். கொக்கியிலிருந்து பாட்டிலை எடுத்தார். எடுத்து, எல்லோருக்கும் நடுவில், மகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

மல்லிகாவுக்குப் புரியவில்லை. "இன்னா நைனா?" என்றாள்.

பாட்டிலை மடியில் வைத்தார். தன் நெஞ்சில் தட்டினார். தேவகியைக் காட்டினார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார், வெட்கப்படுகிறவர் மாதிரி. பிறகு வாசலைக் காட்டி, பைக் ஹேண்டில் திருகுவதுபோல் மணிக்கட்டைத் திருகினார். பிறகு சொம்பைக் காட்டினார். இதையே மறுபடியும் முதலிலிருந்து செய்தார்.

குமரேசனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "நைனா..." என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் வர்ற வரைக்குமா அடக்கிகினு இருந்தீங்க?"

அவர் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

மல்லிகா தோளிலிருந்து பையைக் கழற்றினாள். தேவகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

அழுகிற நேரம் அவரிடம் இல்லை. கையை வீசி எங்களை வெளியே போகச் சொன்னார். அவசரம். காலையில் தேவகி கொடுத்த இரண்டு டம்ளர் தண்ணீரையும் குடித்திருந்தார், நானே பார்த்திருந்தேன். குமரேசன் உதவப் போனான். அவனையும் கையால் தள்ளினார்.

நாலு பேரும் வாசலுக்கு வந்து நின்றோம். கதவைச் சாத்தினோம். டிரைவர் என்னவோ ஏதோ என்று காரை விட்டு இறங்கினார். மல்லிகா தேவகியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"அவரு உங்க நைனா அண்ணி. நான் எப்படிச் சொல்லுவேன்?"

மல்லிகா சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. குமரேசன் கதவில் கை வைத்தான், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா எல்லாரும் வெளிய நின்னுகினு கீறீங்க?" என்று கேட்டாள்.

"எங்க நைனா ஒண்ணுக்குப் போறாரு," என்று மல்லிகா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "தானா போறாரு. எங்க தேவகி வேளாவேளைக்குத் தண்ணி குடுக்குறால்ல."